அடுக்குமாடிப் பிள்ளைகளும் உரிமைப் பாடமும்

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த ஜார்ஜ் டவுன் நகரில் வறிய இளையோருக்கு மனித உரிமைகளைக் கற்பிக்கப் புகும் எவரும், அந்த இளையோர் நகரத்தின் எந்தப் பகுதியில் வாழ்கிறார்கள், எவ்விதம் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். துறைமுகச் சுமைகூலிகளாகவும் நகராட்சித் தொழிலாளர்களாகவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் ஒரு பகுதியினர். ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையோடு குடியிருந்த வீட்டையும் சேர்த்து இழந்து, செபராங் பிறையிலிருந்தும் கெடாவிலிருந்தும் நகரம் நோக்கி வந்த தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னொரு பகுதியினர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதன் காப்பு 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முற்றாக விலகியபோது, பழைய கடைவீடுகளின் மாடியறைகளை விட்டு வெளியேற நேர்ந்த பல இனக் குடும்பங்களும் இவர்களோடு சேர்ந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுத் தலமாக அறிவித்தபோது அந்தக் கடைவீடுகளின் விலை ஏறியது. அவற்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் திரும்பி வருவதற்கான வழி அத்தோடு இன்னும் குறுகியது.

இக்குடும்பங்களில் பலவற்றுக்கு அடைக்கலமானவை மலிவுவிலை அடுக்குமாடிகள். 1960களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய, பாடாங் தெம்பாக் என்றும் அழைக்கப்படும் ரைஃபிள் ரேஞ்ச் குடியிருப்பும், பின்னாளில் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின்கீழ், அதாவது வசதி குறைந்தோருக்கு அரசு குறைந்த வாடகைக்கு வீடு தரும் பிபிஆர் திட்டத்தின்கீழ், கட்டப்பட்ட ஜாலான் சுங்கை அடுக்குமாடியும் அவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. நகர வறுமை வெளியே தெரியாது என்பதே அதன் கொடுமை. தலைக்குமேல் கூரையும் கையில் ஒரு கைப்பேசியும் இருக்கும் இளைஞனை யாரும் ஏழை என்று எண்ணுவதில்லை. ஆனால் கோலாலம்பூர் வட்டாரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் அமைப்பு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பிள்ளைகளில் 99.7 விழுக்காட்டினர் ஒப்பீட்டு வறுமையில், அதாவது நாட்டின் நடுத்தர வருமானத்தோடு ஒப்பிட்டால் மிகத் தாழ்ந்த நிலையில், வாழ்வதாகவும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருப்பதாகவும் காட்டியது. அந்த எண்களைப் பினாங்குக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், ஒரே வகை வீடு, ஒரே வகைக் கூலி வேலை, ஒரே வகைக் கடன் ஆகியவற்றால் ஆன வாழ்க்கை இங்கும் அங்கும் ஏறக்குறைய ஒன்றேயாகும்.

வீடிழப்புக்கு இன்னொரு சான்றாக, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள குளுகோர் வட்டாரத்திலேயே கம்போங் புவா பாலா என்னும் பழைய தமிழ்க் குடியிருப்பு இருந்தது. மாடு வளர்ப்போர் பலர் வாழ்ந்ததால் ஊரார் அதை ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரால் ஹை சப்பரால் என்றும் அழைத்தனர். நிலம் மேம்பாட்டு நிறுவனத்துக்கு மாறியபின் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி கிட்டாமல், 2009இல் அக்கிராமம் இடிக்கப்பட்டது. பேச்சுவார்த்தையின் முடிவில் குடும்பங்களுக்கு மாற்று வீடுகள் வழங்கப்பட்டன. பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் வீட்டுரிமை, நில உரிமை, நிலத்தில் நெடுங்காலம் குடியிருந்தமைக்குச் சட்டம் தரும் மதிப்பு ஆகியவற்றைப் புத்தகத்தில் தேடவே வேண்டியதில்லை என்னும்படி அந்த வரலாறு அவருடைய வளாகத்திற்கு வெளியே சிறிது தொலைவிலேயே கிடக்கிறது.

மனித உரிமைக் கல்வி என்பதற்கு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2011 டிசம்பர் 19ஆம் நாள் ஏற்ற பிரகடனம் மூன்று முகங்களைக் கூறுகிறது. உரிமைகள் யாவை, அவற்றைக் காக்கும் சட்டங்களும் அமைப்புகளும் யாவை என்று அறிவது முதலாவது. கற்பவரையும் கற்பிப்பவரையும் மதிக்கும் முறையில் கற்றல் நடப்பது இரண்டாவது. தம் உரிமையைப் பயன்படுத்தவும் பிறர் உரிமையை மதித்துக் காக்கவும் வலுப்பெறுவது மூன்றாவது. பள்ளிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் நடப்பவற்றில் பெரும்பகுதி முதலாவதோடு நின்றுவிடுகிறது. டிசம்பர் 10ஆம் நாள் மனித உரிமை நாள் என்பதும், 1948இல் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 30 உறுப்புகளோடு வெளிவந்தது என்பதும் மனப்பாடமாகின்றன. அவற்றை ஒப்பித்துப் பரிசு பெற்ற பிள்ளை மறுநாள் காவல் நிலையத்திலோ பதிவு அலுவலகத்திலோ வாயடைத்து நிற்குமானால் அந்தக் கல்வி அதற்கு எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். 2005இல் தொடங்கிய ஐ.நா.வின் உலக மனித உரிமைக் கல்வித் திட்டம் தன் நான்காம் கட்டத்தை, 2020 முதல் 2024 வரை, இளையோருக்கென்றே ஒதுக்கியதற்கும் இந்த இடைவெளியை உணர்ந்ததே காரணம் எனலாம்.

மலேசியாவில் இக்கல்விக்குச் சட்ட அடித்தளம் இல்லாமலில்லை. சிறார் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்தது. இணையும்போதே சில உறுப்புகளுக்குத் தான் கட்டுப்படாது என விலக்குக் குறிப்புகளையும் பதிந்தது. அவற்றுள் சில 2010இல் திரும்பப் பெறப்பட்டபின்னும் எஞ்சியவற்றுள், பிறந்த பிள்ளைக்குப் பெயரும் குடியுரிமையும் உண்டு என்னும் 7ஆம் உறுப்பும் இருந்தது என்பதை இங்கே நினைவில் இருத்த வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மலேசிய மனித உரிமை ஆணையம், சுஹாகாம் என மக்கள் அறிந்தது, தன் முதற்கடமையாகவே மனித உரிமை விழிப்புணர்வையும் கல்வியையும் கொண்டுள்ளது. 2019இல் சிறாருக்கெனத் தனி ஆணையரும் அதில் நியமிக்கப்பட்டார். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த யாவரையும் சிறார் என்கிறது. இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. ஏட்டுக்கும் அடுக்குமாடியின் பதினைந்தாம் மாடிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. மாணவத் தொண்டரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அவ்வேலையின் முதற்பாடம் பெரும்பாலும் ஒரு தாளைப் பற்றியது. பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால், அல்லது பத்திரம் இருந்தும் அதன் குடியுரிமைக் கட்டத்தில் குடிமகன் அல்லர் என்று பொருள்படும் மலாய்ச் சொற்கள் அச்சாகியிருந்தால், அந்தப் பிள்ளை 12 வயதில் பெற வேண்டிய மைகாட் அடையாளக் கார்டு கிடைக்காது. கார்டு இல்லாவிட்டால் தேர்வெழுதுவதிலும், அரசு மருத்துவமனையில் கட்டணம் செலுத்துவதிலும், வங்கிக் கணக்குத் திறப்பதிலும், வேலையில் சேர்வதிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் மூடிக்கொள்ளும். மலேசிய இந்தியரிடையே இச்சிக்கல் ஆழமாக வேர்விட்டதற்குக் காரணங்கள் தெளிவானவை. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் அரசிடம் பதியப்பட வேண்டும் என்னும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தது. கோயிலில் தாலி கட்டினால் திருமணம் நிறைவேறிவிட்டது என்று நம்பிய குடும்பங்கள் பதிவுக்குச் செல்லவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் பார்வையில் மணவுறவுக்கு வெளியே பிறந்ததாகிறது. அத்தகைய பிள்ளையின் குடியுரிமையை அரசமைப்புச் சட்டம் தாயின் நிலையைக் கொண்டே முடிவு செய்கிறது. தாய் வெளிநாட்டவராகவோ அவரே ஆவணமற்றவராகவோ இருந்தால், தந்தை நீலக்கார்டு வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிறது. தோட்டத்தில் வீட்டிலேயே நடந்த பேறுகள், குறித்த நாளுக்குள் பதியத் தவறியமை, பிரிந்து சென்ற பெற்றோர், தத்தெடுத்தும் சட்டப்படி தத்தெடுக்காமை ஆகியவையும் இதே முடிவுக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

ஆக, சோம்பலோ அறியாமையோ மட்டும் இதற்குக் காரணம் என்று பழிப்பது நியாயமாகாது. தோட்ட நிர்வாகமே பிறப்பையும் இறப்பையும் பள்ளியையும் மருத்துவத்தையும் கவனித்துக்கொண்ட ஒரு வாழ்க்கையிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலக முகப்பில் வரிசையில் நிற்க வேண்டிய நகர வாழ்க்கைக்கு, எவ்வித வழிகாட்டலும் இன்றி அம்மக்கள் தள்ளப்பட்டனர். டிரா மலேசியா போன்ற அமைப்புகள் தீபகற்பம் முழுவதிலும் நாடற்றோரைக் கண்டறிந்து அவர்களின் விண்ணப்பங்களுக்குத் துணைநின்றபோது தெளிவானது என்னவெனில், இவர்களில் பலர் சட்டப்படி குடியுரிமைக்கு உரியவர்களே என்பதும், அதை நிறுவும் ஆவணக் கோவையைக் கட்டித்தர ஆளின்றியே ஆண்டுகள் கழிந்தன என்பதும்தான். சிறப்புச் சூழலில் உள்ள சிறாரைக் குடிமக்களாகப் பதிய அரசுக்கு இடந்தரும் அரசமைப்பின் 15ஏ உறுப்பு வயது வரம்பு உடையது. வயது கடந்துவிட்டால் அவ்வழி அடைபட்டுவிடும். எனவே இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு, மூன்று பயிலும் பருவத்திலேயே இச்செய்தி பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எட்ட வேண்டும். இப்பணிக்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று, அண்டை வீட்டாரின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றைத் திரட்டவும், தேசியப் பதிவுத்துறையின் மலாய்ப் படிவத்தைப் படித்து விளக்கவும், ஒருமுறை மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் கேட்கவும் தெரிந்த ஒரு பல்கலைக்கழக மாணவர் போதும். மறுப்பை எழுத்தில் கேட்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குப் புதிய செய்தி.

இரண்டாம் பாடம் கைது பற்றியது. வறிய இளைஞர்களிடம், அதிலும் ஆண்பிள்ளைகளிடம், இதைவிட அவசரமான பாடம் இல்லை. குண்டர் கும்பல்களை ஒடுக்கும் பெயரில் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது முதல், இந்திய இளைஞன் என்றாலே ஐயத்தோடு நோக்கும் போக்கு பொதுவெளியில் வலுத்தது. அரசமைப்பின் 5ஆம் உறுப்பு, கைதானவருக்குக் காரணம் கூறப்பட வேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க இடமளிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2007 முதல் நடப்பிலுள்ள 28ஏ பிரிவு, விசாரணைக்கு முன்பே உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையைக் காவல்துறை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே உள்ளன. கைதானவர் சிறார் என்றால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பதும் சிறார் சட்டத்தின் கட்டளை. தடுப்புக் காவல் எனப்படும் ரிமாண்டு என்பது தண்டனையல்ல, விசாரணைக்காக மாஜிஸ்திரேட் தரும் கால அளவு என்பதையும், குற்றத்தின் கடுமைக்கேற்ப அதற்கு உச்ச வரம்பு உண்டு என்பதையும் அறியாமல், இத்தனை நாளுக்குப் பிள்ளை சிறை சென்றுவிட்டான் என்று பதறும் தாய்மார் பலர்.

இச்செய்திகளை எளிய மொழியில் சொல்லும் சிறு கையேடு ஒன்றை மலேசிய வழக்கறிஞர் மன்றம் சிவப்புப் புத்தகம் என்னும் பெயரில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளியிட்டது. 2009 நவம்பரில் அம்மன்றம் தொடங்கிய அரசமைப்பு விழிப்புணர்வு இயக்கம் அரசமைப்பை எளிய நூல்வரிசையாகவும் குறும்படங்களாகவும் இளையோரிடம் கொண்டு சென்றது. 2012இல் செயல்படத் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, ரிமாண்டு நிலைகளிலேயே இலவச வழக்கறிஞரை அனுப்புகிறது. சிறாருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் தொண்டர் மறைக்காமல் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டின் சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றச் சட்டம் 28 நாள் வரை தடுத்துவைக்க இடந்தருகிறது. 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம், 2014இன் திருத்தத்தோடு, நீதிமன்ற விசாரணையின்றியே இரண்டாண்டுத் தடுப்பாணைக்கு வழிவிடுகிறது. இச்சட்டங்களின்கீழ் பிடிபடும் இளைஞனுக்குச் சிவப்புப் புத்தகத்தில் உள்ள காப்புகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. உரிமை எங்கே முடிகிறது என்பதையும் சொல்லாத உரிமைக் கல்வி இளைஞனைப் பொய்யான துணிச்சலில் தள்ளிவிடும். காவலரிடம் எதிர்த்து வாதாடி அடிபட்ட பின் அவன் சட்டத்தையும் நம்பமாட்டான், சொல்லிக்கொடுத்தவரையும் நம்பமாட்டான்.

பள்ளியை விட்டுப் பாதியில் நின்று உணவகத்திலும் கார் கழுவும் இடத்திலும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஊதியச் சீட்டு, சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி, ஈபிஎஃப் என்னும் சேமநிதி, கூடுதல் நேர ஊதியம் ஆகியவையே உரிமையின் அன்றாட வடிவம். 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 15 வயதுக்குட்பட்டோர் இரவு 8 மணிக்குமேல் வேலை செய்வதைத் தடுக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். கைச்செலவுக்குத் தினம் முப்பதோ நாற்பதோ ரிங்கிட் வாங்கும் சிறுவனுக்கு இவை பற்றி யாரும் சொன்னதில்லை.

இனி, சொல்லிக்கொடுக்க வருவோரின் நிலையைப் பார்க்க வேண்டும். மலேசியப் பல்கலைக்கழக மாணவர் பிறர் உரிமை பற்றிப் பேசும் உரிமையைத் தாமே நெடுங்காலம் இழந்திருந்தார். 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாராவில் புறம்போக்கு நிலத்துக் குடிசைகள் இடிக்கப்பட்டபோது அம்மக்களோடு நின்றவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னணியில் இருந்தனர். அவ்வாண்டு இறுதியில் பாலிங் விவசாயிகளின் வறுமையை முன்னிட்டுக் கோலாலம்பூரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதாயினர். அதன் விளைவாக, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம், மாணவர் நாவில் ஆக்கு என்று வழங்குவது, 1975இல் மேலும் இறுக்கப்பட்டு, மாணவர் அமைப்புகள் வளாகத்துக்கு வெளியே எதனோடும் தொடர்புகொள்வதே அச்சத்துக்குரியதாயிற்று. நகர ஏழைகளோடு மாணவர் கொண்ட உறவு ஒரு தலைமுறைக் காலம் அறுந்தது இவ்வாறே. இன்றைய தொண்டுப் பணிகளில் காணப்படும் தயக்கத்துக்கும், எதையும் நலத்திட்டமாக மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கும் இந்த முறிவே ஆழமான காரணமாகத் தோன்றுகிறது. அரசியல் கட்சிக்கு ஆதரவு தெரிவிக்க மாணவருக்கிருந்த தடை அரசமைப்புக்கு முரணானது என 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012லும் 2018லும் வந்த திருத்தங்கள் கட்டுகளைப் படிப்படியாகத் தளர்த்தின. மாணவராக இருந்தபோதே கியரா யுஸ்ரியும் தர்மா பிள்ளையும் 2016இல் தொடங்கிய உண்டி 18 இயக்கம், 2019 ஜூலையில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் அரசமைப்புத் திருத்தத்தில் சென்று முடிந்தது, மாணவர் முயற்சி சட்டத்தையே மாற்ற வல்லது என்பதற்குச் சான்று.

பினாங்கில் இம்முயற்சிக்கு ஊற்றுக்கண்கள் பல. 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975இல் நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. களப்பயிற்சி அக்கல்வியின் பிரிக்கமுடியாத பகுதி. அப்பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சந்திரா முஸாஃபர் 1977இல் அலிரான் என்னும் சீர்திருத்த இயக்கத்தைப் பினாங்கில் நிறுவினார். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமையேற்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பள்ளிகளில் பயனீட்டாளர் கழகங்களை ஏற்படுத்தியும், தமிழில் இதழும் கையேடுகளும் வெளியிட்டும், கேள்வி கேட்பது குற்றமல்ல என்னும் எண்ணத்தைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரை கொண்டு சென்றது. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்னும் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைதானபோது சந்திரா முஸாஃபரும், பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் அவர்களில் இருந்தனர் என்பது, இந்நகரில் உரிமை பற்றிப் பேசுவதற்கு முன்னோர் கொடுத்த விலையை உணர்த்தும். 1985இல் தொடங்கிய பெண்கள் மாற்ற மையம் பதின்ம வயதினருக்கு உடல்மீதான உரிமை, சம்மதம், பாலியல் தொல்லை ஆகியவை பற்றிப் பட்டறைகள் நடத்துகிறது. ஜேனட் பிள்ளை 1999இல் நிறுவிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பு ஜார்ஜ் டவுன் பிள்ளைகளைத் தம் தெருக்களின் தொழிலாளர்களையும் முதியோரையும் நேர்கண்டு, கேட்டவற்றை நாடகமாகவும் படமாகவும் ஆக்கச் செய்தது. உரிமை என்ற சொல்லை அது அதிகம் உச்சரிக்கவில்லை. ஆயினும் தன் தெருவின் வரலாற்றைத் தானே விசாரித்து எழுதிய பிள்ளை, அந்தத் தெருவில் தனக்கு இடமுண்டு என்று உணர்கிறது. ஐ.நா. பிரகடனம் சொல்லும் இரண்டாம் முகம், மதிப்போடு கற்பது, அதில் முழுமையாக நிறைவேறியது.

தமிழ் மாணவத் தொண்டுக்கு மலேசியாவில் இருக்கும் மிகப்பெரிய முன்மாதிரி ஸ்ரீ முருகன் நிலையம். 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா நிறுவிய அந்நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் ஊதியமின்றி வறிய இந்தியப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். போன்ற தேர்வுகளுக்காகப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அதில் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்கள் தாமே திரும்பிவந்து ஆசிரியராவது அங்கே மரபாயிற்று. தேர்வுக் கல்வியில் வென்ற இந்த அமைப்புமுறையை உரிமைக் கல்வி இன்னும் கைக்கொள்ளாமலிருப்பது பெரிய இழப்பு. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டு இரவு பகலாக உழைக்க எத்தனையோ இளைஞர் முன்வருகின்றனர். அவர்களில் அடுக்குமாடிப் பிள்ளைகளும் உண்டு. தொண்டுள்ளம் இச்சமூகத்தில் வற்றவில்லை. அதை ஆண்டு முழுவதும் ஓடச் செய்யும் வாய்க்கால்தான் வெட்டப்படவில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே பயன்தரும். மதுரையை இடமாகக் கொண்டு ஹென்றி திபேன் நடத்தும் மக்கள் கண்காணிப்பகம், 1997இல் மனித உரிமைக் கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்றாண்டுப் பாடமாக மனித உரிமைக் கல்வியைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கொண்டுவந்தது. பின்னர் அது பல மாநிலங்களுக்கும் பரவியது. அதை நெருங்கி ஆராய்ந்த மொனிஷா பஜாஜ், பிள்ளைகள் இளவயதுத் திருமணத்தைத் தடுக்க முனைந்ததையும் பள்ளியில் சாதிப் பாகுபாட்டைக் கேள்விக்குள்ளாக்கியதையும், சில வேளை அதற்காகவே கண்டிப்புக்கும் அடிக்கும் ஆளானதையும் பதிந்துள்ளார். உடன் நிற்கும் பெரியவர் ஒருவர் இருந்த இடத்தில் பிள்ளையின் துணிவு பலன் தந்தது. இல்லாத இடத்தில் பிள்ளை தனித்து அடிபட்டது. மாணவத் தொண்டர்களுக்கு இதைவிடத் தேவையான பாடம் கிடையாது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1972 முதல் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் நடத்திவரும் தெருச் சட்டம் என்னும் திட்டம், 1980களில் நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று வேரூன்றியபோதும் இதே பாடத்தைக் கற்றது: சட்டம் அநீதியாக இருக்கும் நாட்டில் சட்டத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, நீதி எது என்பதையும் மாணவரோடு சேர்ந்து விவாதித்தாக வேண்டும்.

பினாங்கில் நடப்பவற்றின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. 2019இல் உயர்கல்வி நிலையங்களில் சுலாம் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட சேவைவழிக் கற்றல், பாடத்தின் பகுதியாகவே மாணவரைச் சமூகத்துக்குள் அனுப்புகிறது. அது நல்ல வாசல். ஆனால் பருவம் ஒன்றுக்கு 14 வாரம் என்னும் பல்கலைக்கழகக் கணக்கும் அடுக்குமாடியின் காலக்கணக்கும் ஒத்துப்போவதில்லை. பதாகை கட்டி, சட்டை தைத்து, ஒருநாள் நிகழ்ச்சி நடத்தி, படம் எடுத்து அறிக்கை சமர்ப்பித்ததோடு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. குடியுரிமை விண்ணப்பத்தின் முடிவுக்கோ ஆண்டுகள் ஆகின்றன. ஆவணங்களைக் கொடுத்த தாய் அடுத்த பருவத்தில் வரும் புதுமுகத்திடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இதை விரைவில் புரிந்துகொள்கிறார்கள். வருவோர் போவோரிடம் நெஞ்சைத் திறக்கக் கூடாது என்று பழகிவிடுகிறார்கள்.

மொழி இன்னொரு தடை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளை, ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் இருந்தும், சட்ட மலாயை எளிதில் படிப்பதில்லை. சந்தையில் ஹொக்கியனும் தெருவில் மலாயும் வீட்டில் தமிழும் சரளமாகப் பேசும் அதே பிள்ளை, அலுவலகக் கடிதத்தின்முன் ஊமையாகிறது. இலக்கணத் தமிழில் எழுதிய கையேடும் அதற்கு உதவுவதில்லை. கைது, பிணை, சத்தியப் பிரமாணம், முறையீடு என்னும் சொற்களை மலாய் வடிவத்தோடு இணைத்து, முகப்பில் நிற்கும்போது எதை எப்படிக் கேட்பது என்று நடித்துப் பார்க்கும் பயிற்சியே பலன்தரும். ஒருவர் அதிகாரியாக, ஒருவர் தாயாக, ஒருவர் மகனாக நடிக்கையில், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வலியுறுத்திய உரையாடல்வழிக் கல்வி என்பது நூலிலிருந்து இறங்கி அறைக்குள் வருகிறது. அதிகாரியாக நடிக்கும் பிள்ளை காட்டும் கடுகடுப்பிலிருந்து, அந்தக் குடும்பம் இதுவரை எப்படி நடத்தப்பட்டது என்பதைத் தொண்டர் கற்றுக்கொள்கிறார்.

பாதுகாப்பு பற்றிய கடமை இவற்றைவிடக் கடுமையானது. உரிமை பற்றிப் பேசத் தொடங்கினால் பிள்ளைகள் தமக்கு நேர்ந்ததைச் சொல்வார்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்காமலிருப்பதையே குற்றமாக்கியுள்ளது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இருபது வயது மாணவர் இரக்கத்தால் வாக்குக் கொடுத்துவிட்டால் அவர் சட்டத்தையும் மீறுகிறார், பிள்ளையையும் ஆபத்தில் விடுகிறார். ஆகவே முதல் நாளே எதை மறைக்க முடியும், எதை மறைக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லவும், தாலியான் காசே என்னும் 15999 உதவி எண்ணையும் பெண்கள் மாற்ற மையம் போன்ற இடங்களையும் அறிந்திருக்கவும், நாடற்ற பிள்ளையின் பெயரையோ படத்தையோ எங்கும் வெளியிடாதிருக்கவும் பயிற்சி பெறாத தொண்டரை அடுக்குமாடிக்கு அனுப்பவே கூடாது.

இந்நகரின் வறிய இளையோரில் குடிமக்கள் அல்லாதாரும் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா இணையாததால் ரோஹிங்கியா பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. தன்னார்வலர்களின் துணையோடு நடக்கும் கற்றல் மையங்களே அவர்களின் பள்ளி. தம் பாட்டன் பாட்டியும் இப்படித்தான் கப்பலில் வந்திறங்கினர் என்று அறிந்த தமிழ்ப் பிள்ளை கூட, அவர்களை அந்நியர் என்று வெறுக்கும் பேச்சை எளிதில் ஏற்றுவிடுகிறது. தன் இனத்துக்கு மட்டும் உரிமை கேட்கக் கற்றுக்கொடுத்தால் அது மனித உரிமைக் கல்வி ஆகாது. ஒரே மாடியில் வாழும் மலாய், சீன, இந்திய, அகதிப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைக்கும் துணிவு தொண்டர் குழுக்களுக்கு வர வேண்டும், இனவாரியாகப் பிரிந்து இயங்கும் மாணவர் கழகங்களும் அதற்காகத் தம்முள் கைகோக்க வேண்டும்.

செய்யக்கூடியவை கையெட்டும் தூரத்தில்தான் உள்ளன. ஒரு பருவத்துக்குப் பதிலாக ஈராண்டு தொடரும் பணிக்கே கல்விப் புள்ளி வழங்குவது, விலகிச் செல்லும் மாணவர் தம் கோவைகளை அடுத்தவரிடம் நேரில் ஒப்படைக்கும் முறையை ஏற்படுத்துவது, பினாங்கு வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தோடு ஒவ்வொரு குழுவையும் இணைப்பது, திருத்தப்பட்ட சட்டங்களுக்கேற்பத் தமிழ்க் கையேடுகளைப் புதுப்பிப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. அனைத்திலும் முதன்மையாக, ஜாலான் சுங்கையிலும் பாடாங் தெம்பாக்கிலும் வளர்ந்து பல்கலைக்கழகத்தில் கால்வைத்த இளையோரைத் தேடிப் பிடித்து, அவர்களையே இக்குழுக்களின் பொறுப்பில் அமர்த்த வேண்டும். மின்தூக்கி பழுதான நாளில் எத்தனை மாடி ஏற வேண்டும் என்பதும், எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.